போதும் என்கிற எண்

ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களைத்தான். பக்கத்தில் 'இயல்பு அளவு' என்று ஒரு வரிசை இருக்கும். நம்முடைய எண் அதற்குள் அடங்கினால் நிம்மதி. அடங்காவிட்டால் எப்படியாவது அதை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று தோன்றும். உள்ளே வந்துவிட்டால் உடம்பு சரியாகிவிட்டது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது.

தேர்ந்த சிறுநீரக மருத்துவர்கள் பலரும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு எங்கே போய் முட்டியது என்பதுதான் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனின் கதை. 1906-இல் அப்படியொரு பொருள் ரத்தத்தில் இருக்க வேண்டும் என்று முதன்முதலில் எழுதினார்கள். 1989-இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆக, 83 வருஷம். அதை எவ்வளவு கொடுக்கலாம், எங்கே நிறுத்தணும் என்பதை ஓரளவு தெளிவாக எழுதிவைக்க 2011 ஆனது. இன்னும் 22 வருஷம். முதல் 83 வருஷம் ஒரு சாகசக் கதை. எனக்கு அந்த இரண்டாவது 22 வருஷத்தின் மேல்தான் கண். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்ல முடியாது.

*

கதை மலையில் தொடங்குகிறது. 1890-இல் ஃபிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மொரோகோச்சா என்ற சுரங்க ஊருக்குப் போனார். தன் ரத்தத்தையே நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார். கீழே, கடலோரத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் மலையில் மூன்றே வாரத்தில் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தன. காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. சரி, ஆக்சிஜன் குறைந்த செய்தியை எலும்பு மஜ்ஜைக்கு யார் போய்ச் சொல்கிறார்கள்?

1906-இல் பாரிஸில் பால் கார்னோவும் குளோட்டில்ட் தெஃப்லாந்தரும் ஒரு பதில் சொன்னார்கள். ஒரு முயலுக்கு ரத்தம் எடுத்துச் சோகை வரவைத்தார்கள். அதன் சீரத்தை இன்னொரு நல்ல முயலுக்குச் செலுத்தினார்கள். நல்ல முயலின் சிவப்பணுக்கள் கூடின. தூது போகிற ஏதோ ஒரு பொருள் சீரத்தில் இருக்கிறது என்றார்கள். மற்றவர்கள் செய்துபார்த்தபோது பலருக்கு அது வரவில்லை. கருத்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓரமாகக் கிடந்தது. 1948-இல் ஃபின்லாந்தின் பான்ஸ்டார்ஃப், யாலவிஸ்தோ என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் அந்தப் பொருளுக்கு எரித்ரோபொய்டின் என்று பெயர் வைத்தார்கள். அப்போதும் அதை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. 1950-இல் கர்ட் ரைஸ்மன் இரண்டு எலிகளை ஒட்டுத்தைத்து, ஒன்றை மட்டும் ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார். இரண்டின் மஜ்ஜையும் சுறுசுறுப்பானது. தூதுப்பொருள் ரத்தத்தில்தான் போகிறது என்பதில் அதற்குப் பிறகு பெரிய சந்தேகம் இல்லை.

அது எங்கே சுரக்கிறது? சிகாகோவில் லியோன் ஜேகப்சனும் யூஜீன் கோல்ட்வாஸரும் எலிகளிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக நீக்கிப் பார்த்தார்கள். மண்ணீரல், தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் என்று எதை எடுத்தாலும் ரத்தம் இழந்த எலி ஹார்மோனைச் சுரந்துகொண்டேயிருந்தது. இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்தபோதுதான் நின்றது. 1957-இல் இது வெளியானது. சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு ரத்தம் ஊறவும் காரணமாக இருக்கிறது என்பது பலருக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்கள் ஏன் வெளிறிப்போகிறார்கள் என்ற பழைய கேள்விக்கு அதோடு விடை கிடைத்துவிட்டது.

*

மூன்றே வருஷத்தில் அந்த விடைக்கு அவசரம் வந்தது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையின் தமனியையும் சிரையையும் இணைக்கும் டெஃப்ளான் குழாயைச் செய்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக நரம்பை வெட்டாமல் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிந்தது. அதுவரை சில வாரங்களில் இறந்துபோனவர்கள் வருஷக்கணக்கில் பிழைத்தார்கள்.

பிழைத்தார்கள், ஆனால் எப்படி? இயந்திரம் கழிவை எடுத்துவிடும். ஹார்மோனைத் தராது. ஹீமோகுளோபின் ஆறிலும் ஏழிலும் நின்றது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், குளிர் தாங்காது, வேலைக்குப் போக முடியாது. ஆண் ஹார்மோன் வகை ஊசிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஓரளவுதான் பலன், அதற்கும் முகப்பரு, பெண்களுக்கு மீசை, ஈரல் கோளாறு என்று விலை. மிச்சம் இருந்த ஒரே வழி ரத்தம் ஏற்றுவது. ஏற்ற ஏற்ற இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிந்தது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் கூடவே வந்தன. இன்னொன்றும் நடந்தது. அடுத்தவர் ரத்தம் ஏற ஏற உடம்பு எதிர்ப்பொருள்களை வளர்த்துக்கொண்டது. நாளைக்கு ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்தாலும் பொருந்தாமல் போகும். டயாலிசிஸில் இருப்பவருக்கு வெளியேறும் கதவு மாற்றுச் சிறுநீரகம்தான். ஒவ்வொரு பாட்டில் ரத்தமும் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தியது.

கோல்ட்வாஸர் இந்த நேரம் முழுக்க அந்த ஹார்மோனைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார். சில மாத வேலை என்று நினைத்து 1950-களின் நடுவில் ஆரம்பித்தது இருபது வருஷத்தைத் தாண்டி இழுத்தது. காரணம், ரத்தத்தில் அது இருக்கும் அளவு அவ்வளவு சொற்பம். இல்லினாய்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் ஆடுகளுக்குச் சோகை வரவைத்து, குடம் குடமாக ரத்தம் சேர்த்து வடித்தார். ஆட்டு ஹார்மோன் ஒருவழியாகக் கிடைத்தது. மனித ஹார்மோன் கிடைக்கவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகாஜி மியாகே. மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்துவிட்ட ஒருவகைச் சோகை நோயாளிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் ஏராளமாக வெளியேறும். மஜ்ஜை கேட்காததால் சிறுநீரகம் கத்திக்கொண்டேயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேர்த்து, வற்றவைத்துப் பொடியாக்கி, பட்டுத்துணியில் கட்டி, 1975-இல் சிகாகோ ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தில் கோல்ட்வாஸரிடம் கொடுத்தார். 1977-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் சுத்தமான மனித எரித்ரோபொய்டின் முதன்முறையாக உலகத்துக்குக் கிடைத்தது. 2,550 லிட்டரிலிருந்து வந்தது வெறும் சில மில்லிகிராம்.

அதை வைத்து ஒரு நோயாளிக்குக்கூடத் தொடர்ந்து வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் புரதத்தின் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கொஞ்சம் படிக்க முடியும். அந்தத் துப்பை வைத்து மனித மரபணுக்களின் பெருங்காட்டில் அதற்கான மரபணுவைத் தேடினார், ஆம்ஜென் என்ற சின்ன கம்பெனியில் வேலை பார்த்த தைவான்காரர் ஃபூ-குவென் லின். இரண்டு வருஷத் தேடல். 1983-இல் கிடைத்தது. சீன வெள்ளெலியின் சூலக அணுக்களுக்குள் அந்த மரபணுவை வைத்து, தொட்டியில் ஹார்மோனை வளர்க்கத் தொடங்கினார்கள். ஆட்டு ரத்தமும் வேண்டாம், சிறுநீரும் வேண்டாம்.

*

1986-இல் லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட் மருத்துவர்கள் 10 நோயாளிகளிடமும், 1987 ஜனவரியில் சியாட்டிலின் ஜோசஃப் எஷ்பாக் குழுவினர் 25 நோயாளிகளிடமும் செய்த சோதனைகள் வெளிவந்தன. சியாட்டிலில், பலன் தரும் அளவுக்கு மருந்து பெற்றவர்கள் 18 பேர். அதற்குமுன் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த 12 பேருக்கு அதன்பிறகு அது தேவைப்படவே இல்லை. சாப்பாடு ருசிக்கிறது, தூக்கம் வருகிறது, கைகால் சூடாக இருக்கிறது என்று மனிதர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். 1989 ஜூன் 1 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை அந்த முதல் கட்டுரைகளிலேயே இருந்தது. சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. சிலருக்கு டயாலிசிஸ் குழாய் செருகும் இடத்தில் ரத்தம் உறைந்தது. கொண்டாட்டத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் சித்தப்பா ஒருவர் டயாலிசிஸ் போகிறவர். போன வருஷம் அவர் என்னிடம் கேட்டார்: "எட்டுல இருந்து பத்தரைக்கு வந்திருச்சுடா. இன்னும் ரெண்டு ஊசி கூடப் போட்டா பதிமூணு, பதினாலு வரும்ல? இவங்க என்னன்னா குறைக்கிறாங்க. காசை மிச்சம் புடிக்கிறாங்களோ?" எட்டிலிருந்து பத்தரைக்கு வந்ததில் இவ்வளவு தெம்பு என்றால், பதினாலுக்குப் போனால் எவ்வளவு தெம்பு! கேள்வியில் தப்பே இல்லை. 1990-களில் இருந்த பெரிய மருத்துவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

கேட்டதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் இதயநோயும் இருக்கும் 1,233 டயாலிசிஸ் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ரத்தத்தைக் குழாயில் ஊற்றிச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும், அது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் ஹெமடோக்ரிட். ஹீமோகுளோபினை ஏறக்குறைய மூன்றால் பெருக்கினால் இந்த எண் வரும். ஒரு பிரிவுக்கு இலக்கு 42, அதாவது நல்ல உடம்புக்காரரின் அளவு. மறு பிரிவுக்கு 30. இயல்பு அளவில் இருப்பவர்கள் அதிக நாள் வாழ்வார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு.

பாதியில் நிறுத்தினார்கள். 1998-இல் வெளியான கணக்கின்படி, 'இயல்பு' பிரிவில் 183 பேர் இறந்திருந்தார்கள். குறைந்த பிரிவில் 150. குழாய் செருகும் இடத்தில் உறைவு ஏற்பட்டது முறையே 39 சதவீதம், 29 சதவீதம்.

இதோடு பாடம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன் என்பதில்தான் இந்த வரலாற்றின் சூட்சுமம் இருக்கிறது. அதே ஆய்வில், எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும், ஹெமடோக்ரிட் அதிகமாக இருந்தவர்கள் குறைவாகவே இறந்திருந்தார்கள். முரண்பாடு மாதிரி இருக்கிறதில்லையா? உடம்பில் சக்தி மிச்சம் இருப்பவருக்குக் கொஞ்சம் மருந்திலேயே ரத்தம் ஊறிவிடும். அவர் அதிகநாள் வாழ்வார். ரத்தம் ஊறியதால் வாழ்ந்தாரா, வாழத்தக்க உடம்பாக இருந்ததால் ரத்தம் ஊறியதா? வார்டில் நின்று பார்க்கும் மருத்துவர் கண்ணுக்கு, எண் உயர்ந்தவர் நன்றாக இருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தால்தான் எண்ணைத் துரத்துவது ஆளைக் கொல்லக்கூடும் என்பது புலப்படும்.

பணமும் ஒரு காரணம். அமெரிக்காவில் அரசுக் காப்பீடு அப்போது டயாலிசிஸுக்குத் தனியாகவும், இந்த மருந்துக்குப் போட்ட அளவைப் பொறுத்துத் தனியாகவும் பணம் கொடுத்தது. அதிகம் போட்டால் மையத்துக்கு அதிக வரவு. மருத்துவர்கள் எல்லாரும் காசுக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம்பிக்கையும் வருமானமும் ஒரே திசையில் இழுக்கும்போது எதிர்த்திசையில் நடக்க ஆள் குறைவு. சித்தப்பாவின் சந்தேகத்துக்கு வரலாறு சொல்லும் பதில் கிட்டத்தட்ட நேர் எதிரானது: கூட்டிப் போட்டபோதுதான் காசு பார்த்தார்கள்.

*

2006 நவம்பரில் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. இந்தமுறை டயாலிசிஸுக்கு இன்னும் போகாத சிறுநீரக நோயாளிகள். அமெரிக்காவில் 1,432 பேரிடம் நடந்ததில் 13.5-ஐ இலக்காக வைத்த பிரிவில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் ஒன்று 125 பேருக்கு வந்தது. 11.3-ஐ இலக்காக வைத்த பிரிவில் 97 பேருக்கு. அதையும் பாதியில் நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஆய்விலும் உயர்ந்த இலக்கால் இதயத்துக்கு ஆதாயம் எதுவும் இல்லை. 2007 மார்ச்சில் மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஏறியது.

2009-இல் இன்னும் பெரிய ஆய்வு. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சோகையும் சேர்ந்த 4,038 பேர். பாதிப் பேருக்கு நீண்டநேரம் வேலை செய்யும் புது வடிவமான டார்பிபொய்டின், இலக்கு 13. மீதிப் பேருக்குப் போலி ஊசி, ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போனால் மட்டும் நிஜ மருந்து. பக்கவாதம் வந்தவர்கள்: மருந்துப் பிரிவில் 101, போலி ஊசிப் பிரிவில் 53.

ஏன் இப்படி? ரத்தத்தில் அணுக்கள் கூடினால் அது தடிக்கிறது, உறையும் வாய்ப்பும் அழுத்தமும் கூடுகின்றன. ஏற்கெனவே குறுகிப்போன ரத்தக்குழாய்களில் இது ஆபத்து. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இந்த ஆய்வுகளில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களில், நிறைய மருந்து போட்டும் எண் ஏறாதவர்கள் இருந்தார்கள். அதாவது எண் உயர்ந்ததைவிட, உயர்த்துவதற்காக ஏற்றிய மருந்தின் அளவே கெடுதல் செய்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது.

வேறு பக்கங்களிலிருந்தும் செய்திகள் வந்தன. 2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். செயற்கை ஹார்மோனுக்கு எதிராக அவர்கள் உடம்பு எதிர்ப்பொருளை உருவாக்க, அது சொந்த ஹார்மோனையும் சேர்த்து அழித்து, சிவப்பணு உற்பத்தியே நின்றுபோயிருந்தது. மருந்தை நிலைப்படுத்தச் சேர்க்கும் பொருளை மாற்றியது இதற்கு வழிவிட்டிருக்கலாம் என்று பின்னர் தெரிந்தது. 2003-இல் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில், சோகையைச் சரிசெய்ய இந்த ஊசி பெற்றவர்களுக்குப் புற்று கட்டுக்குள் நின்ற காலம் குறைந்தது.

நோயே இல்லாதவர்களும் இதைப் போட்டுக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சைக்கிள் பந்தயக்காரர்கள். சுத்தமான ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்க அப்போது சோதனை கிடையாது. அதனால் 1997-இல் உலக சைக்கிள் கூட்டமைப்பு, ஹெமடோக்ரிட் 50-ஐத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று விதி போட்டது. விளைவு, எல்லாரும் 50-க்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றார்கள்! எண்ணை விதியாக்கினால் மனிதர்கள் எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஹார்மோனையே நேராகக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது.

*

2011 ஜூனில் அமெரிக்க நிர்வாகம் விதியை மாற்றி எழுதியது. அதுவரை 10 முதல் 12 என்று இருந்த இலக்கு எடுக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த வாசகத்தின் சாரம் இதுதான்: ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க எவ்வளவு குறைந்த அளவு போதுமோ, அவ்வளவு மட்டும் கொடுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே வந்தால் தொடங்குங்கள். 11-ஐ நெருங்கினால் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். அதே வருஷம் ஜனவரி முதல் காப்பீடும் மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

நோக்கம் இப்போது முற்றிலும் வேறு. முன்பு இலக்கு 'இயல்பு'. இப்போது இலக்கு, அடுத்தவர் ரத்தம் வேண்டாம் என்கிற நிலை.

இன்று இந்த ஊசி கவனமாகப் போடப்படும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் அந்த 22 வருஷமும் அதற்குள் இருப்பது தெரியும். முதலில் இரும்பைப் பார்ப்பார்கள். ஹார்மோன் என்பது 'செய்' என்கிற கட்டளைதானே, செய்யச் சாமான் வேண்டாமா? இரும்பு இல்லாமல் ஊசியை மட்டும் கூட்டுவது, அரிசி இல்லாத வீட்டில் அடுப்பை எரித்துக்கொண்டேயிருப்பது போல. ரத்தக் கசிவு, கிருமித்தொற்று, வைட்டமின் குறைபாடு என்று சோகைக்கு வேறு காரணம் உண்டா என்று தேடுவார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராமல் தொடங்க மாட்டார்கள். பக்கவாதம் வந்திருக்கிறதா, புற்றுநோய் உண்டா என்று கேட்பார்கள். ஹீமோகுளோபின் இரண்டு வாரத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறினால் மகிழ மாட்டார்கள், அளவைக் குறைப்பார்கள். ஏறவில்லை என்றால் உடனே இரட்டிப்பாக்காமல் ஏன் என்று யோசிப்பார்கள். ஊசி மருந்து குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும், உறையவும் விடமாட்டார்கள், குலுக்கவும் மாட்டார்கள்.

நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். "ஏன் குறைச்சீங்க?" என்று கேட்பதில் தவறில்லை. அதோடு "இரும்பு எவ்வளவு இருக்கு? பிரஷர் எவ்வளவு?" என்றும் கேட்கலாம். தானாகவே அளவைக் கூட்டவோ நிறுத்தவோ மட்டும் கூடாது.

*

மறுபடி மலைக்குப் போவோம். வியோ ரத்தம் எண்ணிய அதே பெரு நாட்டில், 1925-இல் கார்லோஸ் மொங்கே என்ற மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். உயரத்தில் வாழும் சிலருக்குச் சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகி, முகம் கருநீலமாகி, தலைவலியும் மூச்சுத்திணறலும் வரும். கீழே இறங்கினால் சரியாகும். உயரத்துக்கு உடம்பு சொன்ன பதிலே நோயாகிவிட்டது. ஆண்டிஸ் அளவே உயரத்தில் வாழும் திபெத்தியர்களில் பெரும்பாலோரின் ஹீமோகுளோபினோ கடல்மட்டத்து மனிதர்களின் அளவை ஒட்டியே இருக்கிறது. ஆக்சிஜன் குறைவை அணுக்களுக்கு உணர்த்தும் அமைப்பைச் சேர்ந்த ஒரு மரபணு அவர்களிடம் மாறியிருப்பதை 2010-இல் கண்டுபிடித்தார்கள். பல ஆயிரம் ஆண்டுகளில் அந்த உடல்கள் வந்து சேர்ந்த தீர்வு, ரத்தத்தைக் கூட்டாமல் வாழப் பழகுவது.

அந்த உணரும் அமைப்பைக் கண்டறிந்ததற்குத்தான் 2019-இல் செமென்ஸா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதிலிருந்து மாத்திரைகளும் வந்துவிட்டன. ஊசியாக ஹார்மோனைத் தருவதற்குப் பதில், உடம்பே அதைச் சுரக்கும்படி தூண்டும் மாத்திரைகள். இந்தியாவில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட் 2022-இல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் டாப்ரோடுஸ்டாட் 2023 பிப்ரவரியில். டாப்ரோடுஸ்டாட்டின் பெட்டியில் முதல் நாளிலிருந்தே கறுப்புக் கட்டம் இருந்தது: ரத்த உறைவு, மாரடைப்பு, பக்கவாதம், மரணம். 1989-இல் வந்த ஊசிக்கு அந்தக் கட்டம் ஏற 18 வருஷம் பிடித்தது. இடைப்பட்ட ஆய்வுகளில் இலக்கு உயர்ந்த பிரிவில் விழுந்தவர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள்: 183, 125, 101. மாத்திரையை எடுத்துக்கொள்ளும் இன்றைய நோயாளிக்கு 11-இல் நிறுத்தச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.